சந்தைச் சரிவும் முகூர்த்தத் தேதியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குச் சந்தை சற்றுச் சறுக்கினாலே ‘முதலீட்டாளர்களுக்கு ஒரே நாளில் இத்தனை லட்சம் கோடி ரூபாய் இழப்பு’ என்று நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போடுவது வழக்கமாகிவிட்டது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பில் அன்று குறைந்த தொகை அது. அந்தத் தலைப்பைப் பார்த்துப் பதறி, பத்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத முதலீட்டை விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டே எடுத்தாக வேண்டிய பணத்தைச் சந்தையில் வைத்திருப்பவர்களுக்கோ, சந்தை உச்சத்தில் இருக்கும்போது யாரும் எச்சரிக்கை சொல்வதில்லை. இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நானும் அந்தத் தவறைச் செய்தவன்.

2007 தீபாவளிக்கு முன்பு, மகள் திருமணத்துக்கென்று சேர்த்திருந்த 3 லட்சம் ரூபாயை வைப்புக் கணக்கிலிருந்து எடுத்து, பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன். நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் அப்போது டீ குடிக்கும் நேரத்தில்கூட, மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் பற்றிய பேச்சுதான். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000 புள்ளிகளுக்கும் கீழே போனது. 2009 மாசியில் முகூர்த்தம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அச்சடித்தாகிவிட்ட நிலையில், ஃபண்டின் மதிப்பு 1 லட்சத்து 38 ஆயிரம் ரூபாய் என்று கணக்கு அறிக்கை வந்தது. அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே என் மனைவி நகை, சமையல், புடவை என்று பென்சிலால் எழுதிக் கூட்டி, குறைகிற தொகைக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். ஃபண்டை அந்த விலைக்கே விற்று, மீதிக்கு வருங்கால வைப்பு நிதியில் கடன் வாங்கிச் சமாளித்தோம். 2010 நவம்பரில் சென்செக்ஸ் மீண்டும் 21,000 புள்ளிகளை எட்டியபோது எங்களிடம் ஒரு யூனிட்கூட இல்லை.

இன்றைய இளைஞர்கள் பார்த்த சரிவு வேறு மாதிரியானது. கொரோனா அச்சத்தில் 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் வீழ்ந்தது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகள்) இப்போது 20 கோடியைக் கடந்துவிட்டன. புதிதாகக் கணக்குத் திறந்தவர்களில் பெரும்பாலோர், விழுந்தால் சில மாதங்களில் எழுந்துவிடும் என்ற ஒரே அனுபவத்தோடு இருப்பவர்கள். ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான் என்பதையும் அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அடுத்த சரிவு எப்போது வரும் என்று சொல்லும் ஞானம் எனக்கில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் கல்லூரிக் கட்டணமோ திருமணமோ வீட்டு வேலையோ இருந்தால், அந்தப் பணத்தைச் சந்தை நன்றாக இருக்கும்போதே வங்கி வைப்புக்கோ அஞ்சலகச் சேமிப்புக்கோ மாற்றிவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளை விற்பதில் கிடைக்கும் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பதால், ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் வரிச் சுமையும் குறையும். நீண்ட காலத்துக்கென்று எஸ்ஐபி முறையில் மாதாமாதம் ஃபண்டில் பணம் கட்டி வருபவர்கள் சரிவைக் கண்டு அதை நிறுத்த வேண்டியதில்லை.

நகையை அடகு வைத்தும், தரகு நிறுவனத்திடம் கடன் பெற்றும் பங்கு வாங்குவோரின் நிலைதான் மிகவும் ஆபத்தானது. தரகு நிறுவனத்திடம் கடன் பெற்றவர்களுக்கு, விலை இறங்கி, கடனுக்கு ஈடாக வைத்த பிணைத்தொகை போதாமல் போனால், காத்திருக்கலாமா என்ற முடிவே அவர்கள் கையில் இருக்காது. தரகு நிறுவனமே பங்குகளை விற்றுவிடும். பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரை ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. அதுவும் சந்தை பெரும்பாலும் ஏறுமுகமாக இருந்த காலத்தில்!

ஒரு நாள் இழப்பைத் தலைப்பாக்கும்போது, சந்தை தன் உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது, முந்தைய சரிவுகள் மீள எத்தனை மாதங்கள் ஆயின என்ற இரண்டு வரிகளையும் தங்கள் வணிகப் பக்கத்தில் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கரூர்.