பழைய புகைப்படத் தொகுப்பு: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள வாசகர் வட்ட உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தருமபுரி நூலகத்தில் நாம் எடுத்துக்கொண்ட பழைய புகைப்படத் தொகுப்பு வேலை முடிந்தது. வீடுகளில் வாங்கிய படங்கள், மூடிப்போன ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள், பள்ளிகள் தந்த வகுப்புப் படங்கள் எல்லாம் ஸ்கேன் ஆகி, விவரம் எழுதப்பட்டு, உறைக்குள் போய் இரும்பு பீரோவில் ஏறிவிட்டன. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து நூலகர் மேசையில் கோப்பாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

ஸ்கேன் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் டிஃப் கோப்பாக ஒன்று, பார்ப்பதற்குச் சிறிய ஜேபெக் ஒன்று. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்று நூலகத்தில் இல்லை, வேறிடத்தில் வைத்திருக்கிறோம். கண்ணாடி நெகட்டிவ்களை அடுக்காமல் ஒவ்வொன்றாகக் காகித உறையில் போட்டு நிற்க வைத்திருக்கிறோம். படுக்க வைத்தால் அடியில் இருப்பது மேல் பாரத்தில் விரிசல் விடும்.

கை நடுங்கியது சட்டம் போட்ட படங்களில்தான். சுவர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படிப்பட்டவற்றைப் பிரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்தோம். பல வீட்டில் தாத்தா, பாட்டி நெற்றிக்கு நேராகக் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். துடைத்தால் படம் தெளிவாக வரும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது. அந்தப் பொட்டும் அந்தப் படத்தின் சரித்திரம்தானே.

காலம் பிடித்தது படத்தில் இருப்பது யார், எந்த இடம், எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான். வகுப்புப் படமென்றால் கவலையில்லை, முன்வரிசைப் பிள்ளைகளின் காலடியில் சிலேட்டில் வகுப்பும் வருஷமும் இருக்கும். கடைவீதிப் படங்களுக்கு அந்த வசதி இல்லை. அங்கே பெயர்ப்பலகைகள் கைகொடுத்தன. 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் பெரும்பாலும் 1965 அக்டோபர் 2-க்கு முந்தையது, நம் மாவட்டம் பிரிந்தது அன்றுதான். 'தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி' என்று இருந்தால் 1965-க்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-க்கும் இடையில். டீக்கடை விலைப்பட்டியலில் நயா பைசா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்னால் போக முடியாது. கிருஷ்ணகிரி அணையின் மதகைப் பின்னால் வைத்து நிற்கும் குடும்பங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், அணை திறந்தது 1957-இல். லாரியில் டிஎன் 29 என்ற நம் ஊர்ப் பதிவு எண் தெரிந்தால் 1980களின் கடைசிக்குப் பிறகு.

எழுத்துச் சீர்திருத்தம் இன்னொரு துப்பு. 'லை', 'னை' எல்லாம் பழைய கொம்போடு இருந்தால் 1978-க்கு முன் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பலகை எழுதும் பெயின்டர்கள் அரசாணை வந்த மறுநாளே கையை மாற்றிக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கம் பெரியாரின் பத்திரிகைகள் 1930களிலேயே புதிய எழுத்துக்குப் போய்விட்டன, ஆகவே இயக்கப் பலகைகளில் இந்தக் கணக்கு செல்லாது. இதை மட்டும் நம்பி எந்தப் படத்துக்கும் வருஷம் போடவில்லை.

பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு படத்தைப் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டீர்கள். சுப்பிரமணிய சிவாவின் இறுதி ஊர்வலம் என்று சொல்லித்தான் அது வந்தது. சிவா மறைந்தது 1925 ஜூலை 23. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்துப் பலகையில் 'தர்மபுரி மாவட்டம்' என்று இருக்கிறது. அப்படியானால் குறைந்தது நாற்பது வருஷம் பிந்தைய படம், அவர் நினைவாக நடந்த ஏதோ விழாவாக இருக்கலாம். 'பாப்பாரப்பட்டி, கூட்டம், 1965-க்குப் பின்' என்று மட்டும் எழுதியிருக்கிறோம். கொடுத்த குடும்பம் சொன்னதையும் 'குடும்பத்தார் கூற்று' என்று தனி வரியில் சேர்த்திருக்கிறோம். எல்லாப் படத்துக்கும் இதே முறைதான்: பலகையோ கையெழுத்தோ சொல்வது ஒரு வரி, ஆட்கள் சொல்வது இன்னொரு வரி. இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் குழு பிடிவாதமாக இருந்தது. சிலருக்கு வருத்தம்தான்.

இளைஞர்கள் கேட்ட வண்ணம் ஏற்றும் வேலையும் அதனால்தான் நடக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவை என்ன நிறம் என்று எந்த ஆப்புக்கும் தெரியாது, அது ஊகிக்கிறது. உங்கள் செல்போனில் ஏற்றிப் பாருங்கள், அழகாகத்தான் இருக்கும். தொகுப்பில் அது சேராது.

ஒரு பெரிய குறை: மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போன குட்டி ரயிலின் படம் ஒன்றுகூட வரவில்லை. 1906-இல் தருமபுரி வரைக்கும், 1913-இல் ஓசூர் வரைக்கும் ஓடி, 1941-இல் நின்றுபோனது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ரயில் அதற்கும் முன்பே, 1936-இல் நின்றது. யார் வீட்டுப் பெட்டியிலாவது ஸ்டேஷன், தண்டவாளம், வண்டி எதுவாவது இருந்தால் கொண்டுவாருங்கள். பீரோவில் இடம் விட்டிருக்கிறோம்.

இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று எடுத்த படங்களும் நிறைய வந்தன. இவற்றைத் தொகுப்பில் வைத்திருக்கிறோம், ஆனால் காட்சிக்கு வைக்க மாட்டோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் கேட்டால் மட்டும் எடுத்துத் தரப்படும். மற்றவற்றை நூலக நேரத்தில் கணினியில் பார்க்கலாம். பிரதி வேண்டுமென்றால் பதிவேட்டில் எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், மூலப் படங்களைத் திருப்பித் தரும் வேலை பாக்கி இருக்கிறது. படம் கொடுத்தபோது வாங்கிய ரசீதைக் கொண்டுவாருங்கள். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லத் தெரிந்த ஒருவரோடு வாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோன பின் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டாம், ஒட்டும் ஆல்பத்தில் வைக்க வேண்டாம். பின்பக்கம் பெயர் எழுதுவதானால் பால்பாயின்ட் வேண்டாம், மெல்லப் பென்சிலால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழு