மோட்டா மொழியில் பாடம் நடந்த பள்ளி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவைப் பற்றிய பயணக் கட்டுரையில் புனித பர்னபா சிற்றாலயத்தின் படத்தைப் போட்டு, 'கைதிகள் எழுப்பிய தேவாலயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. தீவின் சிறைக் குடியிருப்பை 1855-லேயே மூடிவிட்டார்கள். மறு வருஷம் பிட்கேர்ன் தீவிலிருந்து 194 பேர் வந்து குடியேறினார்கள். ஆலயம் பிரதிஷ்டை ஆனதோ 1880-இல். அது ஒரு விடுதிப் பள்ளியின் ஆலயம். அந்தப் பள்ளியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் குறை.

ஆங்கிலிக்கன் சபையின் மெலனேசிய மிஷன் நடத்திய பள்ளி அது. முதலில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்தது. சாலமன் தீவுகள், பேங்க்ஸ் தீவுகள் என்று வெயில் ஊர்களிலிருந்து 'சதர்ன் கிராஸ்' கப்பலில் பையன்களைக் கூட்டி வருவார்கள். குளிர் தொடங்குமுன் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது. அதனால் 1867-இல் பேராயர் பேட்டசன் பள்ளியை நார்ஃபோக்குக்கு மாற்றினார். ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் மிஷன் கைக்குப் போனதில் பிட்கேர்ன்காரர்களுக்கு மனத்தாங்கல். தீவு முழுக்கத் தங்களுக்கே என்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம் இல்லை, மோட்டா. பேங்க்ஸ் தீவுக் கூட்டத்தில் ஒரு குட்டித் தீவின் பேச்சு. பிள்ளைகள் தீவுக்கொரு மொழி பேசுகிறவர்கள்; எல்லாருக்கும் பொதுவாக அதை வைத்துக்கொண்டார்கள். துரைமார் உட்கார்ந்து மோட்டா படித்தார்கள். தலைமை ஆசிரியராக இருந்த காட்ரிங்டன், பாமர் என்பவருடன் சேர்ந்து 1896-இல் அதற்கு அகராதியே வெளியிட்டார். நான் படித்த விடுதிப் பள்ளியில் தமிழில் பேசினால் பத்துப் பைசா அபராதம். உப்பை இங்கிலீஷில் கேட்கத் தெரியாமல் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்த நாட்கள் உண்டு. அதனால்தான் இந்தச் செய்தி என்னை விடவில்லை.

அதற்காக அந்தப் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து கடல் கடந்து பிரித்து வைத்தார்கள். சாலமன் பையனுக்கு மோட்டாவும் அயல்மொழிதான்.

பேட்டசன் 1871 செப்டம்பர் 20 அன்று சாலமன் தீவுகளைச் சேர்ந்த நுக்காப்பு தீவில் கொல்லப்பட்டார். பாயில் சுற்றி ஓடத்தில் மிதக்கவிட்ட அவர் உடலோடு, ஐந்து முடிச்சுப் போட்ட ஓலை ஒன்று இருந்தது. தோட்ட வேலைக்கு ஆள்பிடிக்கும் கப்பல்காரர்கள் கொண்டுபோன ஐந்து பேருக்குப் பழிவாங்கல் என்றுதான் மிஷன் காலங்காலமாகச் சொல்லி வந்தது; பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியோ, மறு வருஷமே ஆள்பிடிப்பைக் கட்டுப்படுத்த பிரிட்டனில் சட்டம் வந்தது. நீங்கள் படம் போட்ட ஆலயம் அவர் நினைவாகக் கட்டியது. உள்ளே இருக்கைகளில் முத்துச்சிப்பி பதித்த வேலைப்பாட்டைக் கட்டுரையாளர் பார்க்காமலா வந்தார்?

1920 வாக்கில் பள்ளி சாலமன் தீவுகளுக்கே போய்விட்டது. மிஷன் மோட்டாவை விட்டு ஆங்கிலத்துக்கு மாறியது 1931-இல்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது 'கைதிகள்' என்பதை மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடாமல், பள்ளியையும் ஒரு வரியில் சேருங்கள்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை