தம்பியை மீட்டுத் தந்தவர்களுக்கும், எனக்குத் தலை வாரிவிட்ட தீதிக்கும்

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

தம்பி நேற்று வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறினான். பதினெட்டுப் படி. மேலே போய்த் திரும்பி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குக் கை ஓடியது.

நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் மலையேறப் போன இடத்தில், உயரம் ஒத்துக்கொள்ளாமல் தம்பி விழுந்தான். லொபுச்சே என்ற ஊரில் அன்று ராத்திரி என்ன ஆனது, அவனை இறக்கிக்கொண்டு வந்த பெரிச்சேயில் அந்த இரண்டு நாள் எப்படிப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மணிக்கொரு தரம் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் நீங்கள்தானே. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அம்மாவும் இதைப் படிப்பாள். அதனால் நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் வழிகாட்டிக்கும் மூட்டை சுமந்து வந்த இரண்டு பேருக்கும். மலையில் சுமை தூக்குகிறவர்கள் எல்லாரையும் ஷெர்பா என்று சொல்லிவிடுகிறோம். ஷெர்பா என்பது வேலையின் பெயர் இல்லை, ஒரு மக்களின் பெயர். கிழக்கத்தியார் என்று பொருள். திபெத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து சில நூறு வருஷங்களுக்கு முன்னால் பனிக் கணவாய்களைத் தாண்டி வந்து, எவரெஸ்ட் அடிவாரத்தில் இருக்கும் கும்புப் பள்ளத்தாக்கில் குடியேறியவர்கள். எங்கள் வழிகாட்டி ஷெர்பா. சுமைக்காரர்களில் ஒருவர் ராய், இன்னொருவர் தமாங்; அவையும் மக்களின் பெயர்கள்தான். இருவரும் கீழ்மலை ஊர்க்காரர்கள். அந்த உயரம் நம்மைப் போலவே அவர்களையும் வாட்டும். அவர்கள்தான் நெற்றிப் பட்டையில் பாரத்தைத் தாங்கி, தம்பியை மாற்றி மாற்றி முதுகில் சுமந்து இறங்கினார்கள். தூக்லா மேட்டில், எவரெஸ்ட்டில் உயிர்விட்டவர்களுக்காக எழுப்பிய கல் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. நடு ராத்திரி, டார்ச் வெளிச்சம், அவ்வளவு அவசரம். அப்போதும் அவர்கள் அந்தக் கற்களைத் தங்கள் வலக்கைப் பக்கம் விட்டுச் சுற்றித்தான் போனார்கள். நம் கோயிலில் வலம் வருவது மாதிரி. முதுகில் என் தம்பி இருந்தான். பின்னால் நடந்த நானும் அப்படியே சுற்றி வந்தேன்.

அடுத்தது பெரிச்சே மருத்துவ நிலையம். இமாலய மீட்புச் சங்கம் 1973-லிருந்து அதை நடத்திவருகிறது. மலையேற்றப் பருவத்தில் மட்டும் டாக்டர்கள் தன்னார்வலர்களாக வந்து தங்கிப் பார்க்கிறார்கள். தினமும் பிற்பகல் 3 மணிக்கு, உயரம் உடம்பை என்ன செய்யும் என்று பயணிகளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். ஏறும்போது நாங்கள் டிங்போச்சே பக்கமாக சுக்குங் என்ற ஊருக்குப் போய்விட்டோம்; பெரிச்சேயோ நடுவில் ஒரு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம். போகும்போதே கேட்டிருக்க வேண்டிய பேச்சைத் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அப்புறம் ஹெலிகாப்டர் ஓட்டியவர், காத்மாண்டு மருத்துவமனையின் நர்ஸுகள், எங்கள் இரண்டு அலுவலகத்துத் தோழர்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் திரட்டி அனுப்பியவர்கள், காப்பீட்டுக் காகிதங்களுக்காக அலைந்த சித்தப்பா மகன், மூன்று நாளும் அம்மா காதுக்கு விஷயம் போகாமல் பார்த்துக்கொண்ட மேல்வீட்டு அக்கா. தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்கிறேன்.

இனி, உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று.

மூன்றாம் நாள் காலையில் மேகம் விலகி ஹெலிகாப்டர் இறங்கியது. மேலே கோரக்ஷெப்பில் ஏற்றிய இன்னொரு நோயாளி உள்ளே இருந்தார். அந்த உயரத்தில் காற்று மெலிசு, ஒரு ஆள் எடைகூடக் கணக்கு. தம்பிக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். கதவு சாத்தப்பட்டது. கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் அது பள்ளத்தாக்கின் வளைவில் மறைந்துவிட்டது.

விடுதிக்குத் திரும்பினேன். அன்றைக்கே நாம்சே, மறுநாள் லுக்லா, அங்கிருந்து விமானம் என்று ஏற்பாடு. பத்து நிமிஷத்தில் கிளம்பினால்தான் வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம் என்றார் வழிகாட்டி. இரண்டு பைகளையும் கொட்டி, எது அவனுடையது, எது என்னுடையது என்று பிரிக்க உட்கார்ந்தேன். அவனுடைய ஒற்றைக் காலுறை கையில் வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் பைகளில் திணித்து, தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

விடுதிக்கார அம்மாவை எல்லாரும் தீதி என்றுதான் கூப்பிடுவார்கள். நேபாளியில் அக்கா. ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் ஷெர்பாப் பெண்கள் கட்டும் பல வண்ண வரித்துணி, தலையில் கம்பளித் தொப்பி. அதுவரை எங்களுக்குள் நடந்த பேச்சு இரண்டே சொல்தான். "கானா?" என்பார், சாப்பாடு. "சியா?" என்பார், தேநீர். நான் தலையை ஆட்டுவேன்.

என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனவர், ஒரு கூடை வரட்டியோடு வந்து கூடத்தின் நடுவில் இருந்த இரும்பு அடுப்பை மூட்டினார். இது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே தங்கியவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் இருட்டிய பிறகுதான் அந்த அடுப்பில் நெருப்பே வைப்பார்கள். தேசியப் பூங்கா என்பதால் மரம் வெட்டக் கூடாது. பெரிச்சேயில் வெட்ட மரமும் இல்லை. யாக் என்ற மலை மாட்டின் சாணத்தை ஒவ்வொன்றாகத் தட்டி, வெயிலில் காயவைத்து, குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கிறார்கள். எங்கள் ஆச்சி வீட்டுச் சுவரில் தட்டிய அதே வரட்டி, அதே புகை வாசனை. காலை ஒன்பது மணிக்கு, எனக்கு ஒருத்திக்காக அதை எரித்தார்.

அப்புறம் பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல் என் தொப்பியைக் கழற்றினார்.

எட்டு நாளாகத் தலை வாரவில்லை. வியர்வையும் புழுதியும் சேர்ந்து முடி சடை பிடித்துக் கிடந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது, தொப்பியை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. அடுப்புக்கு முன்னால் ஒரு குட்டை முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்து, பின்னால் பெஞ்சில் அவர் உட்கார்ந்துகொண்டார். கையில் இரண்டு பல் உடைந்த ஒரு சீப்பு.

என் பையைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. அதிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டில் உருண்டு அடுப்பருகே போய் நின்றது. ஊரில் அம்மா வைத்துவிட்டது. நாம்சே போவதற்குள் மொத்தமும் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிட்டது. அதன் பிறகு ஒரு நாளும் தொடவில்லை. "இதை எதுக்குக்கா மலை மேல சுமக்குறே?" என்று தம்பி தினமும் கேட்பான். தீதி அதை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தார். "நரிவல்!" என்றார். தேங்காயைத்தான் சொல்கிறார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கெட்டிலிலிருந்து ஒரு குவளையில் வெந்நீர் ஊற்றி, பாட்டிலை அதற்குள் நிறுத்தினார். ஓரத்தில் முதலில் கண்ணாடி மாதிரி இளகியது. நடுவில் இருந்த வெள்ளைக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி மிதந்தது. அது கரைந்து தீரும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்து அழுத்தினார். நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தார். வலி வேருக்குப் போகாமல் இருக்க, நடுமுடியை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா அப்படித்தான் பிடிப்பாள். அவர் விரல்களெல்லாம் வெடிப்பு. முடி அந்த வெடிப்புகளில் மாட்டி மாட்டி விடுபடுவது எனக்குத் தெரிந்தது. வழிகாட்டி இரண்டு தரம் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். தீதி நிமிரவே இல்லை. "பிஸ்தாரை" என்றார். மெதுவாக என்று அர்த்தம். அந்த மலையில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் எல்லாரும் சொல்கிற சொல். ஏறும்போது நாங்கள் காதில் வாங்காத சொல்லும் அதுதான்.

லொபுச்சேயிலிருந்து அதுவரை நான் அழவில்லை. அப்போது அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, சீப்பையும் நிறுத்தவில்லை. தலை ஆடினால் மட்டும் நெற்றியில் கை வைத்து நேராக்கிக்கொண்டு மேலே வாரினார். கடைசியில் ஒற்றைப் பின்னலாகப் பின்னி, நுனியைச் சிவப்புக் கம்பளி நூலால் இறுக்கிக் கட்டினார். தொப்பியை மாட்டிவிட்டு, தேநீரை நீட்டி "ஷே, ஷே" என்றார். குடி, குடி என்று வற்புறுத்துவது. போதும் என்றால் விடவில்லை. மூன்று தரம் ஊற்றிய பிறகுதான் எழுந்திருக்க விட்டார்.

அந்த மூன்று நாளில் என்னைப் பார்த்த எல்லாரும் "தம்பி எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார்கள். அதைத்தான் கேட்க வேண்டும். நானும் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நோயாளி இல்லை. ஓடினேன், கையெழுத்துப் போட்டேன், போனில் பதில் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவளும் ஒரு ஆள் என்று தீதிக்குத் தோன்றியிருக்கிறது. எப்படித் தோன்றியது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அன்று பாங்போச்சே, தெங்போச்சே வழியாக நாள் முழுக்க நடந்தேன். எதிர்க்காற்று சும்மா இல்லை. ஒரு முடி பிரியவில்லை. ஒவ்வொரு தரம் குனியும்போதும் கழுத்திலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. நாம்சேயில் அவிழ்க்கவில்லை. லுக்லாவிலும் அவிழ்க்கவில்லை. காத்மாண்டுவில் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுப் பேச விட்டபோது தம்பி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "யாருக்கா பின்னிவிட்டா? உனக்கு இப்படிப் பின்ன வராதே."

சரி, ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லுக்லா விமானம் தாமதமானதில் இரண்டு நாள் போய்விட்டது. அதை ஈடுகட்ட டிங்போச்சேயில் ஓய்வு நாளை வெட்டியது நாங்கள்தான். வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. கோங்மா லா 5,535 மீட்டர், சோ லா 5,420, ரென்ஜோ லா 5,360. மூன்று கணவாயையும் ஒரே பயணத்தில் தாண்டிவிட வேண்டும் என்று ஆறு மாதம் ஆசைப்பட்டோம். ஒன்றைத்தான் தாண்டினோம். தாண்டிய அன்றைக்கே தம்பி விழுந்தான். இனி மலைக்குப் போகிறேன் என்று என்னிடம் யார் வந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் அனுப்பமாட்டேன். 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்குங்கள். பணம், லீவு, விமானம் எது போனாலும் அந்த நாளை மட்டும் வெட்டாதீர்கள். காலில் விழுந்தாவது சொல்வேன்.

வரும் மார்ச் மாதம் நம் நண்பர்கள் சிலர் அந்த வழியாகப் போகிறார்கள். அவர்களிடம் ஒரு மரச்சீப்பும் அரை லிட்டர் தேங்காய் எண்ணெயும் கொடுத்துவிடப் போகிறேன். என் பாட்டிலை அன்றைக்கே அவர் அடுப்பருகில் வைத்துவிட்டுத்தான் வந்தேன், இந்நேரம் தீர்ந்திருக்கும். உறைந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தீதிக்குத் தெரியும். தம்பி படியேறுகிற வீடியோவை அவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஷெர்பா மொழியில் நன்றிக்கு "துச்சே" என்பார்கள். நாம்சேயிலேயே கற்றுக்கொண்டு, வழியெல்லாம் எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொண்டு போனேன். தீதியிடம் கிளம்பும்போது மட்டும் வாய் வரவில்லை. போகிறவர்கள் எனக்காக அதைச் சொல்லிவிடுங்கள். அவர் சியா கொடுத்தால் மூன்று தரமும் வாங்கிக் குடியுங்கள்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா