1:1 என்று விற்றீர்கள், வந்தது 1:2: மேக்ரோ லென்ஸ் குறித்த புகார்

அனுப்புநர்:
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தவறான விவரம் சொல்லி விற்ற மேக்ரோ லென்ஸ், விளக்குகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

போன மாதம் உங்களிடம் 41,500 ரூபாய்க்கு, நாணயங்களைப் படம் எடுப்பதற்கென்று ஒரு செட் வாங்கினேன். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் பெரிதாக எடுப்பது), இரண்டு எல்இடி விளக்குகள், கேமராவைக் கீழ்நோக்கி மாட்டும் ஸ்டாண்டு. 24 மெகாபிக்சல் கேமரா ஏற்கெனவே என்னிடம் இருந்தது. பணம் கட்டும் முன் உங்கள் விற்பனையாளரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "இந்த லென்ஸ் முழுசா 1:1 எடுக்குமா?" (கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பொருள் அதன் உண்மை அளவிலேயே விழுமா என்று அர்த்தம். 1:2 என்றால் அதில் பாதி அளவுதான்.) "எடுக்கும் சார், தாராளமா வாங்குங்க" என்றார். விளம்பரத்திலும் அப்படியே போட்டிருந்தீர்கள்.

லென்ஸ் வந்த அன்றே ஓர் எவர்சில்வர் ஸ்கேலைக் கிடையாக வைத்து, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமோ அவ்வளவு கிட்டத்தில் எடுத்துப் பார்த்தேன். என் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ. லென்ஸ் 1:1 என்றால் படத்தில் ஸ்கேலின் 23.5 மி.மீ. மட்டுமே தெரிய வேண்டும். தெரிந்தது 47 மி.மீ. அப்புறம் லென்ஸைத் திருப்பிப் பார்த்தால், ஃபோகஸ் வளையத்தின் ஓரத்தில் கடைசியாகப் பொறித்திருப்பதே 1:2 தான். இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் ஊழியர், "முன்னாடி 1:2.8னு போட்டிருக்குமே, அதைத்தான் சார் பார்க்கிறீங்க" என்றார். அது வெளிச்சம் நுழையும் துளையின் கணக்கு. உருவத்தின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேக்ரோ லென்ஸ் விற்கும் இடத்தில் இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டாமா?

"படத்தை வெட்டிப் பெரிசாக்கிக்கோங்க" என்றும் சொன்னார். பிரச்சினையே அங்கேதான். என் வாப்பா நாற்பது வருஷமாகப் பழைய செம்புக் கடைகளில் எடைக்கு வாங்கிச் சேர்த்த காசுகள் இவை. நந்திக்குக் கீழே 'சேது' என்று எழுதிய, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசும், எங்கள் சேதுபதி மன்னர்கள் வெளியிட்ட சின்னச் செப்புக்காசும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கின்றன. எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பல காசுகள் 10 மி.மீ. அகலம்தான், சட்டைப் பொத்தான் அளவு. 1:1-இல் எடுத்தால் அப்படி ஒரு காசின் குறுக்கே சுமார் 2,550 புள்ளிகள் கிடைக்கும். உங்கள் லென்ஸில் அதில் பாதிதான். தேய்ந்த காசில் ஓர் எழுத்தின் கால் ஒரு மயிரிழை மேடாக மட்டும் மிஞ்சியிருக்கும். படத்தில் பதியாததை எத்தனை பெரிதாக்கினாலும் அது திரும்ப வராது.

100 மி.மீ. லென்ஸை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். 50 மி.மீ. லென்ஸ் காசை முட்டுகிற மாதிரி கிட்டத்தில் போய் நிற்கும். அதன் நிழலே காசின் மேல் விழும். தேய்ந்த காசுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்ந்து, சாய்வாக வர வேண்டும். அதற்கு லென்ஸுக்கும் காசுக்கும் நடுவில் இடம் வேண்டும்.

விளக்குகளும் நீங்கள் சொன்ன தரத்தில் இல்லை. நிறத் துல்லியம் (CRI) 100-க்கு 95-க்கு மேல் என்றீர்கள். வெள்ளைக் காகிதம் வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்த பிறகும் செம்பு செத்த பழுப்பாகத் தெரிகிறது, ஓரங்களில் பச்சை ஏறுகிறது. அதே காசை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் நல்ல செம்பழுப்பு. எனக்கு இது அழகுக்கான விஷயம் இல்லை. எங்கள் கடல் காற்றில் உப்பு அதிகம். செப்புக்காசில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் உப்பு உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். உடனே தனியே எடுத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். கரும்பச்சையாக இறுகிய களிம்பு என்றால் தொடாமல் விட்டுவிடலாம். (வீட்டுச் செம்புக் குடம் போல நினைத்துப் புளி போட்டுத் தேய்த்து, எழுத்தோடு அழித்துவிட்ட காசுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.) இந்த இரண்டு பச்சையையும் உங்கள் விளக்கு ஒன்றாகக் காட்டுகிறது.

ஸ்டாண்டு லேசாக ஆடுகிறது. இரண்டு விநாடி டைமர் வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன், அதை விட்டுவிடுகிறேன்.

லென்ஸையும் விளக்குகளையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கான 36,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். உண்மையான 1:1 லென்ஸ் அனுப்புவதானாலும் சரி. ஆனால் முதலில் ஸ்கேலை வைத்து எடுத்த ஒரு படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்கிறேன். விளம்பரத்தில் இருக்கும் 1:1-ஐயும் இன்றே திருத்துங்கள். என்னைப் போல இன்னொருவர் அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட அந்தச் சட்டம் இடம் தருகிறது.

ரசீது நகல், ஸ்கேல் படம், ஒரே காசை இரண்டு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பொருட்கள் பெட்டியோடு அப்படியே இருக்கின்றன. எடுக்க ஆள் அனுப்புவதானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்