டெக்சஸில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்தால் நாம் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து வரும் படிவங்களைப் போனில் திறந்து, சரியாக வாசிக்காமலே மளமளவென்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது. பஸ், மருந்து, போட்டோ, லேப்டாப் என்று வரிசையாக வரும். நானும் அப்படித்தான் அனுப்புகிறேன். அந்தக் கட்டில் புதிதாக ஒரு படிவம் வரக்கூடும். அதை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசியுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி டெக்சஸில் செனட் மசோதா 11 சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் தினமும் பிரார்த்தனைக்கும், பைபிள் அல்லது வேறு சமய நூல் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு) 2026 மார்ச் 1-க்குள் வாக்கெடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். வாரியம் ஒப்புக்கொண்டால், பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிள்ளைகள் மட்டும் கலந்துகொள்ளலாம். நான் சொன்ன படிவம் அதுதான். பாட நேரத்தை எடுக்கக் கூடாது, ஒலிபெருக்கியில் ஓதக் கூடாது, கையெழுத்திடாத வீட்டுப் பிள்ளையின் காதில் விழக் கூடாது என்றெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை.

ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு அறைக்குள் இருபது பேர் போகிறார்கள், நாலு பேர் போகவில்லை. அந்த நாலு பேர் யார் யார் என்று முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆசிரியர்களும் ஒப்புதல் கொடுத்து அதில் சேரலாம். நாளைக்குக் கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போகும் ஆசிரியர் அந்த அறைக்குள் இருக்கிறார் என்றால், பதினாறு வயதுப் பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்று எவ்வளவு தைரியமாகச் சொல்லும்?

என் மகள் வாலிபால் ஆடுகிறாள். மேட்ச் தொடங்குமுன் கோச் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "விருப்பம் இருப்பவர்கள் மட்டும்" என்று சொல்லிவிட்டு ஜெபம் செய்தார். அவளும் தலை குனிந்து நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டாள்: "அம்மா, நான் குனியாம நின்னிருந்தா அடுத்த மேட்ச்ல என்னை இறக்குவாங்களா?" அந்தக் கோச் நல்ல மனிதர், அவர் மனதில் அப்படி ஒரு கணக்கு இருந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் கணக்குப் போட்டது என் பெண். யாரும் மிரட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. கேள்வி மட்டும் வந்துவிட்டது.

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. நியூயார்க் பள்ளிகளில் 22 சொற்களில் ஒரு பிரார்த்தனை இருந்தது. வேண்டாதவர்கள் பேசாமல் இருக்கலாம், வெளியே போகலாம் என்றார்கள். 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசின் பலம் ஒரு நம்பிக்கைக்குப் பின்னால் நின்றால், சிறுபான்மையினர் மீது மறைமுக அழுத்தம் விழுவது வெளிப்படை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

நம் மாநிலத்துக் கதை இன்னும் நெருக்கமானது. சான்டா ஃபே என்ற ஊரில், அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு முன் மாணவர் ஒருவர் மைக்கில் ஜெபம் செய்யும் வழக்கத்தை எதிர்த்து இரண்டு குடும்பங்கள் வழக்குப் போட்டன. ஒன்று மார்மன் குடும்பம், மற்றொன்று கத்தோலிக்கக் குடும்பம். இரண்டுமே கடவுளை நம்புகிற குடும்பங்கள். ஆனாலும் சொந்தப் பெயரில் வழக்காட அவர்களால் முடியவில்லை. அவர்கள் யார் என்று துருவித் தேடுகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று நீதிபதியே எச்சரிக்க வேண்டியிருந்தது. 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். "இஷ்டப்பட்டால் சேரலாம்" என்று சொல்லப்பட்ட விஷயத்துக்கு ஏன் பெயரை ஒளிக்க வேண்டியிருந்தது? எனக்கு விடை அந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது.

2022-இல் காற்று மாறியது. மைதானத்தில் மண்டியிட்டு ஜெபித்த ஒரு பள்ளிக் கோச்சின் பக்கம், ஆறு நீதிபதிகளுக்கு மூன்று பேர் என்ற கணக்கில், அதே நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கிலும் ஒரு பெற்றோர், தன் மகன் ஆட வாய்ப்புப் போய்விடுமோ என்று பயந்து சேர்ந்துகொண்டதாகச் சொல்லியிருந்தார். என் மகள் காரில் கேட்டதும் அதேதான்.

நம்மவர்களிடம் பேசினால் இரண்டு பதில் வருகிறது. "எந்தச் சாமியா இருந்தா என்ன, கும்பிட்டுப் போகட்டுமே" என்பது ஒன்று. அந்தப் பெருந்தன்மை எனக்கும் பிடிக்கும், அதில்தான் வளர்ந்தேன். ஆனால் கும்பிடுவது பிள்ளை. அது தானாக எடுத்த முடிவா, பயத்தில் எடுத்த முடிவா என்பதை நாம் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. இரண்டாவது பதில், "நமக்கு எதுக்கு வம்பு, விசா இருக்கு, வேலை இருக்கு". இதைக் கேட்டு எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தமாக இருக்கிறது. பெரியவர்களே இவ்வளவு யோசிக்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி முழு சுதந்திரம் இருக்கும்?

நம்மிடையே சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களும் நிறைய. உங்களிடமிருந்து எதையும் பறிக்கச் சொல்லவில்லை. டெக்சஸில் 2003-இலிருந்தே தினமும் ஒரு நிமிட மௌனம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் ஜெபிக்கிற பிள்ளையும், கணக்குப் பரீட்சையை நினைக்கிற பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். யார் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. "விருப்பம் இருந்தால் மட்டும்" என்பதற்கு எனக்கு அதுதான் உண்மையான அர்த்தம்.

அப்புறம், அந்தப் படிவத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. கையெழுத்திட்டால், இந்தக் கொள்கை தொடர்பாக வழக்குத் தொடரும் உரிமையையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். பிள்ளை பிரார்த்திப்பதற்கு அம்மா தன் உரிமையை ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

உங்கள் வாரியம் இதில் என்ன முடிவெடுத்தது, அல்லது இதைப் பற்றி எந்தத் தேதியில் பேசப்போகிறது என்று அதன் நிகழ்ச்சி நிரலில் பாருங்கள். பேச விரும்பினால் முன்கூட்டியே பெயர் கொடுங்கள். கிடைப்பது சில நிமிடங்கள்தான். எங்கள் ஊர் வாரியத்தில் நான் பெயர் கொடுத்துவிட்டேன். அன்று எனக்குப் பின்னால் ஒரு வரிசை நிறைய நம் முகங்கள் இருந்தால் போதும், நீங்கள் பேசக்கூட வேண்டாம்.

அன்புடன்,
எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா