தமிழ் நாவல்களைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே, தயாரிப்பாளர்களே,

வணக்கம். ‘பொன்னியின் செல்வன்’ 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்து பெருங்கூட்டத்தைத் திரையரங்குகளுக்கு அழைத்து வந்தது. அதன்பின் ‘அடுத்து எந்தப் பெரிய நாவல்?’ என்ற பேச்சு உங்கள் வட்டாரத்திலும் ரசிகர்களிடையிலும் ஓயவே இல்லை. நாவல்களையும் அவற்றிலிருந்து பிறந்த படங்களையும் நெடுங்காலமாக அருகருகே வைத்துப் படித்தும் பார்த்தும் வரும் வாசகன் என்ற முறையில், அந்தக் கேள்வியே தவறான திசையில் கேட்கப்படுகிறது என்று சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். தமிழில் இலக்கியத்திலிருந்து வந்து மனத்தில் நிலைத்த படங்களுள் நான் உயர்வாக மதிப்பவை பெரும்பாலும் சிறுகதையிலிருந்தோ குறுநாவலிலிருந்தோ மெலிந்த புத்தகத்திலிருந்தோ வந்தவை. எனக்கு ஏமாற்றம் தந்தவை பெரும்பாலும் தடித்த நாவல்களிலிருந்து வந்தவை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

‘பொன்னியின் செல்வன்’ படத்தில் நான் நேசிப்பவை உண்டு. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி, நாவலை அறிந்தவனையும் மூச்சடக்கிப் பார்க்க வைக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வளர்ந்த ஐந்து பாகக் கதையை இரண்டு படங்களுக்குள் அடக்கும்போது எது வெளியேறியது என்று பாருங்கள். நந்தவனத்தில் மலர் தொடுத்து, வாய்பேச முடியாத தாயோடு வாழ்ந்து, பூங்குழலியின் மேல் சொல்லாத அன்பு வைத்திருந்த சேந்தன் அமுதன்தான் சோழ அரியணைக்கு உரியவன் என்று தெரியவரும் திருப்பம் படத்தில் இல்லை. நாவலின் கடைசிப் பாகத்துக்குக் கல்கி ‘தியாக சிகரம்’ என்று பெயர் வைத்ததற்கு உரிய பொருள் அந்தத் திருப்பத்தில்தான் முழுமை பெறுகிறது: கேட்காதவன் தலையில் முடி ஏறுகிறது. படத்திலோ அரியணைக்கு ஆசைப்பட்டு நின்ற மதுராந்தகனுக்கே முடி போய்ச் சேர்கிறது. இளவரசன் அருள்மொழி அரியணையை விட்டுக்கொடுப்பது அங்கும் நிகழ்கிறது என்றாலும் அதன் எடை குறைந்துவிடுகிறது. இதை இயக்குநரின் குறை என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அத்தனை பாத்திரங்களையும் அறிமுகப்படுத்தவே நேரம் போதாத இடத்தில், மெதுவாகப் பழகினால்தான் மனத்தில் பதியும் சேந்தன் அமுதனைப் போன்ற ஒருவன் முதலில் பலியாவது இயல்பு.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ எனக்கு மிகப் பிரியமான தமிழ் நாவல். ஞான ராஜசேகரன் 1995-இல் அதைப் படமாக்கியபோது எடுத்துக்கொண்ட துணிவை இன்றும் மதிக்கிறேன். கதாநாயகன் பாபுவின் சங்கீத குருவாக நெடுமுடி வேணு நடித்த ரங்கண்ணாவும் இளையராஜாவின் இசையும் அந்தப் படத்தை மறக்கவிடாமல் செய்கின்றன. இருந்தும் படம் எனக்கு நிறைவு தரவில்லை. நாவலில் பாபு தன்னைவிட மூத்தவளான யமுனாவின் மேல் கொண்ட மோகம் ஆண்டுக்கணக்கில் கனன்று, சங்கீதத்தோடும் குற்றவுணர்வோடும் கும்பகோணத்துத் தெருக்களோடும் பின்னிக்கொண்டே வளர்கிறது. அந்தக் காத்திருப்பின் நீளத்தை வாசகன் பக்கம் பக்கமாகத் தானும் சுமக்கிறான். படத்தில் அந்த நீளம் இல்லாமல் நிகழ்ச்சிகள் மட்டும் எஞ்சுவதால், யமுனாவின் இறுதிச் சம்மதம் இத்தனை ஆண்டுகளின் விளைவாகத் தெரியாமல் கதையின் ஒரு கட்டமாகக் கடந்துபோகிறது.

இனி ‘உதிரிப்பூக்கள்’. மகேந்திரன் 1979-இல் எடுத்த இந்தப் படத்துக்குப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ தூண்டுதலாக இருந்தது. ஆனால் அந்தக் குறுநாவலைக் கையில் வைத்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி ஒப்பிடப் போனால் பெரிதாக எதுவும் அகப்படாது. சூழல் வேறு, நிகழ்ச்சிகள் வேறு, முடிவும் வேறு. தாயை இழந்த குழந்தைகளின் கதியையும் பெரியவர்களின் வன்மம் அவர்கள் மேல் விழுவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மகேந்திரன் தமக்கென்று ஒரு கிராமத்தையும் சுந்தரவடிவேலு என்ற கொடிய மனிதனையும் படைத்தார். இறுதியில் ஊரே திரண்டு அவனை ஆற்றங்கரையில் நிறுத்தும்போது, இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் பேசுவது புதுமைப்பித்தன் எழுதாதது. ஆயினும் மனிதரைப் பற்றி இவ்வளவு கசப்போடும் இவ்வளவு கருணையோடும் ஒருங்கே பேசியதால், அந்தப் படம் புதுமைப்பித்தனுக்கு நெருக்கமாகவே நிற்கிறது. மூலம் சிறியதாக இருந்ததால்தான் இயக்குநருக்கு இந்த இடம் கிடைத்தது என்பது என் உறுதியான எண்ணம். எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. வளர்க்க மட்டுமே வேண்டியிருந்தது.

மூலத்தை மாற்றவே கூடாது என்று வாதிடுவோர் ஜெயகாந்தனை நினைத்துக்கொள்ளலாம். ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொண்ட தாயை, அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் வேறு விதமாக நடந்துகொள்ள வைத்து, அதன் விளைவுகளை எழுதினார். பின்னர் அது பீம்சிங் இயக்கத்தில் படமாகி, அந்த மகள் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. மாற்றம் எனக்குப் பகையல்ல. சுருக்கம்தான் பகை.

வெற்றிமாறனின் ‘அசுரன்’ குறித்து என் மனம் இன்றும் இரண்டுபட்டே இருக்கிறது. 1982-இல் வெளியான பூமணியின் ‘வெக்கை’ அளவில் சிறிய நாவல். கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் தந்தையும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சில நாள்கள்தான் கதை. கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும், படுக்க இடம் தேடுவதும், தந்தை மகனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பதும் அந்த நாவலின் உயிர். படத்தின் முதல் பகுதியில் அந்த உயிர் இருக்கிறது. தந்தை சிவசாமியின் இளமைக்காலத்தை இணைத்து, ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசியதும் நியாயமான, தேவையான சேர்க்கையே. ஆனால் சண்டைக் காட்சிகள் வளர வளர, காட்டில் பசியோடு நடந்த அந்த இருவரும் எனக்குக் காணாமல் போனார்கள். அவருடைய ‘விசாரணை’யில் இந்த வருத்தம் எனக்கு எழவே இல்லை; மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ முதல் பாதிக்கு மட்டுமே அடித்தளமாக இருந்தும், அந்தப் புத்தகத்தின் அச்சம் இறுதிக் காட்சிவரை தொடர்கிறது.

திரைப்படத்துக்கு வெளியிலிருந்தும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். டொரான்டோவில் உருவாகி 2023-இல் வெளிவந்த ‘வெண்பா’ என்ற வீடியோ கேமை உங்களில் எத்தனை பேர் விளையாடியிருப்பீர்கள் என்று அறியேன். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், தாயின் கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேடு, அதைப் பார்த்து விடுபட்ட இடங்களை ஊகித்துச் செய்யும் இட்லி. இவ்வளவுதான் அதன் மூலப்பொருள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். பிரித்தானிய பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு 2024-இல் வழங்கியது. பெரும்பொருட்செலவில் போர்க்களங்களைக் காட்டும் எத்தனையோ விளையாட்டுகள் தராத நிறைவை ஓர் அடுப்பங்கரை எனக்குத் தந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த நாவலுக்கு உரிமை பெறும் முன், அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ குறுநாவலை ஒருமுறை படியுங்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடும் சென்னைத் தெரு, தோண்டிப்போட்ட சாலை, குடத்தோடு அலையும் பெண்கள், சினிமா வாய்ப்பை நம்பி வாழ்வைத் தொலைத்த ஜமுனா, அவளோடு முரண்பட்டும் பிரிய முடியாத தங்கை சாயா என்று ஒரு முழுப் படத்துக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருக்கின்றன. சேர்ப்பதற்கு உங்களுக்கு இடமும் இருக்கிறது. பெரிய நாவல்தான் வேண்டும் என்றால், அதைப் பல பருவங்கள் கொண்ட இணையத் தொடராக எடுங்கள். எதை எடுத்தாலும், எழுத்தாளருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரிய தொகையை முன்கூட்டியே வழங்கி, அவர் பெயரைப் படத்தின் முதல் சுவரொட்டியிலேயே இயக்குநரின் பெயருக்கு அருகில் அச்சிடுங்கள். திரைக்கதையையும் நூலாக வெளியிடுங்கள். நீங்கள் எதை வைத்துக்கொண்டு எதை விட்டீர்கள் என்பதை நாங்கள் மூலத்தோடு வைத்துப் படித்துக்கொள்கிறோம்.

மிக்க அன்புடன்,
ஒரு வாசகன்