பிரங்கோவியானு வம்சம் 1714-இல் அழியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ருமேனியப் பிரபுக் குடும்பங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிரங்கோவியானு வம்சம் 1714-இல் பூண்டோடு அழிந்ததாகச் சொல்கிறது. இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவை 1688 முதல் ஆண்ட கொன்ஸ்தன்தீன் பிரங்கோவியானுவையும் அவருடைய நான்கு மகன்களையும் இஸ்தான்புல்லில் ஒரே நாளில் தலை வெட்டிக் கொன்றது உண்மைதான். ஆனால் மூத்த மகனின் குழந்தை தப்பிவிட்டது. அதன் பெயரும் கொன்ஸ்தன்தீன். தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர் என்பதால், வம்சாவளி போடுகிறவர்கள் ஒருவரை விட்டுவிடுகிறார்கள். வம்சமும் அங்கேயே அறுந்துவிடுகிறது.

ஆண்வழி முடிந்தது 118 ஆண்டு கழித்து, 1832-இல். அந்த ஆண்டு கிரிகோரே பிரங்கோவியானு பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் சுவீகாரம் எடுத்திருந்த சோயி மவ்ரோகொர்தாத், பின்னாளில் வலாக்கியாவின் ஆட்சிக்கு வந்த கியோர்கே பிபெஸ்குவை மணந்தவர். அவர்களுடைய மகன் வழியே பிரங்கோவியானு என்பதன் பிரெஞ்சு வடிவமான 'பிராங்கோவான்' என்ற பெயர் பாரிஸுக்குப் போனது. பிரெஞ்சுக் கவிஞர் அன்னா த நுவாய் (1876–1933) அந்த மகனுடைய மகள். அவரைக் கொன்ஸ்தன்தீனின் நேர் ஆண்வழி வாரிசாகக் காட்டும் இணைய வரைபடங்கள் சுவீகாரத்தை விழுங்கிவிட்டவை.

ஆண்டுக் கணக்கிலும் வழுக்கல் உண்டு. அக்கால வலாக்கிய ஆவணங்கள் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டை எண்ணுகின்றன. புத்தாண்டு செப்டம்பர் 1. எனவே ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையான தேதி என்றால் 5508-ஐயும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் 5509-ஐயும் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கொல்லப்பட்ட மன்னர் கொன்ஸ்தன்தீனின் எலும்புகளை ரகசியமாகக் கொண்டுவந்த அவர் மனைவி மரியா, புக்கரெஸ்டின் புதிய புனித ஜார்ஜ் ஆலயத்தில் பெயர் பொறிக்காத கல்லின் கீழ் அடக்கம் செய்தார். மேலே தொங்கவிட்ட வெள்ளி விளக்கில் மட்டும், இங்கே கிடப்பவர் யார் என்று பொறிக்கச் செய்தார். அதிலுள்ள தேதி 7228 ஜூலை 12, அதாவது 1720. கண்ணை மூடிக்கொண்டு 5509-ஐக் கழித்தால் 1719 வரும். எலும்பு வந்து சேருமுன்பே விளக்கு ஏறிவிடும்! அந்த எழுத்தை 1914-இல்தான் படித்தார்கள். ருமேனியாவின் ஹொரேசு மடத்தில் மன்னர் தமக்கென்று கட்டி வைத்த கல்லறை இன்றும் காலி.

கொலை நடந்தது பழைய நாட்காட்டியில் ஆகஸ்ட் 15. இன்றைய கணக்கில் ஆகஸ்ட் 26. ருமேனியத் திருச்சபை 1992-இல் இவர்களைப் புனிதர்களாக அறிவித்து, ஆகஸ்ட் 16-ஐத் திருநாளாக வைத்திருக்கிறது. மூன்று தேதியும் புழக்கத்தில் இருப்பதால், எதைப் போட்டாலும் எந்தக் கணக்கு என்று சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, ஹொரேசு சுவரோவியத்தில் நான்கு மகன்களோடு ஏழு மகள்களும் நிற்கிறார்கள். கட்டுரையாளர் அவர்களில் ஒருவரைக்கூட எண்ணவில்லை.

வாசகர், கோவை